கல்லுக்கு அடியில் குடித்தனம்

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் என் வயதுக்காரர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. நயாகராவைப் பாருங்கள், சுதந்திர தேவி சிலையைப் பாருங்கள், பிட்ஸ்பர்க் பெருமாளையும் சேவித்துவிட்டு வாருங்கள். அதோடு, மழை தூறி ஓய்ந்த ஒரு மாலையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போங்கள். கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஓர் உயிரை இருவருமாகத் தேடுங்கள். ஆறு மாதம் ஹாலில் உட்கார்ந்து பேசியும் வராத நெருக்கம் அந்த ஒரு மாலையில் வந்துவிடும். எனக்கும் என் பேத்திக்கும் அப்படித்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தது சாலமாண்டர்.

சாலமாண்டர் தவளைக்கும் தேரைக்கும் உறவு. பார்வைக்குப் பல்லி போல நீண்ட உடல், நான்கு கால், வால். ஆனால் செதில் கிடையாது, விரலில் நகம் கிடையாது. ஈரமான, வழவழப்பான தோல். தென்னிந்தியாவில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் வேண்டுமானால் டார்ஜிலிங் மலைக்கோ வடகிழக்கு மாநிலங்களுக்கோ போக வேண்டும். நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தவன். எங்கள் ஆய்வக அலமாரியில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் ஒன்று இருந்தது; நிறமெல்லாம் கரைந்து, வேகவைத்த கிழங்கு போல வெளிறிப்போயிருக்கும். மெக்சிகோ ஏரியில் வாழும் ஆக்ஸலாட்டில் வளர்ந்த பிறகும் குஞ்சுப் பருவத்து உருவத்தோடே இனம் பெருக்குவதைப் பற்றி வருடா வருடம் மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உயிரோடு நடமாடும் சாலமாண்டரை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, டென்னசி மாநிலத்தில்.

மகள் இருப்பது நாக்ஸ்வில் நகரத்தில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணத்தில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. 1934இல் உருவாகி, 1940இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்த பூங்கா. டென்னசி, வட கரோலினா என்ற இரண்டு மாநிலங்களில் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதன் உயர்ந்த சிகரமான குவோஹி 2,025 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வுதான். ஆனால் அப்பலாச்சியன் மலைகள் மிகப் பழையவை. பனியுகத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் இவ்வளவு தெற்கே வரவே இல்லை. மேல்மலையில் ஆண்டுக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஈரம் வற்றாத பள்ளத்தாக்குகள், ஒவ்வொரு சிகரமும் தனித் தீவு மாதிரி. அதனால்தான் இந்த ஒரே பூங்காவில் 30 வகைச் சாலமாண்டர்கள். உலகத்தின் சாலமாண்டர் தலைநகரம் என்றே இதைச் சொல்கிறார்கள்.

வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கரடியைப் பற்றித்தான். கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் ஒரு கருங்கரடி புல்வெளிக்கு வந்துவிட்டால் கார்கள் வரிசையாக நின்றுவிடும். கரடியைப் பார்ப்பதில் தவறில்லை, நானும் நின்று பார்த்தேன். ஆனால் அந்தக் கார்களின் சக்கரத்துக்குப் பத்தடி தள்ளி, சருகுக்கு அடியில் இருப்பவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு, இதற்கு வெகுதூரம் வடக்கே. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் பர்ட்டன், லைக்கன்ஸ் என்ற இருவர் சாலமாண்டர்களைக் கணக்கெடுத்து எடைபோட்டு 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் காட்டுச் சாலமாண்டர்கள் எல்லாவற்றின் எடையையும் கூட்டினால், குஞ்சு பொரிக்கும் காலத்தில் அங்கே இருக்கும் பறவைகள் எல்லாவற்றின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு வந்தது. எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளின் மொத்த எடைக்குச் சமமாக இருந்தது. பாட்டும் பறப்பும் பறவைகளுடையவை. காட்டின் கனம் தரைக்கு அடியில் இருந்திருக்கிறது. நாற்பது வயதில் படித்திருந்தால் இதை ஒரு புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டிருப்பேன். இந்த வயதில் படிக்கும்போது எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வருகின்றன. சத்தமில்லாமல் ஒரு குடும்பத்தையோ கல்லூரியையோ தாங்கியவர்களின் முகங்கள்.

ஸ்மோக்கி மலைச் சாலமாண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலே இல்லை. தோலாலும் வாயின் உள்சவ்வாலும்தான் மூச்சு. தோல் ஈரமாக இருக்கும்வரைதான் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உள்ளே போகும். காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். ஏன் பகலில் வெளியே வருவதில்லை, ஏன் மழை இரவில் மட்டும் நடமாட்டம், ஏன் கையில் எடுக்கக் கூடாது என்பதெல்லாம். நம் கையில் வெயிலுக்குப் பூசிய களிம்போ, கொசுவுக்குத் தடவிய மருந்தோ, பயணத்தில் தேய்த்துக்கொண்ட சானிடைசரோ இருக்கும். நமக்கு அது மேல்பூச்சு. அதற்கோ மூச்சுக்குழாயில் ஊற்றிய விஷம். இதைப் பேத்திக்கு விளக்கினேன். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து சாலமாண்டர் தேடப் போகும்போதெல்லாம் அவள் நடை அப்படித்தான்.

சிவப்புக் கன்னச் சாலமாண்டர் என்று ஒரு வகை. உடல் முழுக்கச் சாம்பல் கலந்த கருப்பு. கன்னத்தில் மட்டும் செந்தூரம் இட்ட மாதிரி சிவப்பு. உலகத்தில் இந்த ஸ்மோக்கி மலைகளைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. அதற்குத் தோலில் கசப்பு உண்டு, பறவைகள் ஒதுக்கிவிடும். அதே மலையில் இன்னொரு வகை, கசப்பு இல்லாதது. அதிலும் சிலவற்றுக்குக் கன்னம் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பைக் காட்டியே பிழைத்துக்கொள்கிறது.

சிவப்புக் கன்னச் சாலமாண்டரைத் தேடி மேல்மலைப் பாதை ஒன்றில் இரவு நடந்தோம். மகளும் மருமகனும் முன்னால், நானும் பேத்தியும் பின்னால். ஸ்ப்ரூஸ் மரங்கள், கால் வைத்த இடமெல்லாம் பாசி, மழை நின்றும் கிளைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் முழங்கால் கொஞ்சம் தொல்லை தரும் முழங்கால், அதனால் பாதையோரத்துப் பாறை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தியும் உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒண்ணுமே இல்லையே. அம்மாகிட்ட போலாமா?"

"கொஞ்சம் இரு பாப்பா. நாம நடந்து வந்த அதிர்வுல உள்ள போயிருக்கும். சும்மா இருந்தா அதுவா வரும்."

டார்ச் வெளிச்சத்தைப் பாசியின் மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். முதலில் ஒரு மரவட்டை வந்தது. பிறகு நத்தை. பிறகு நான் வேர் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சத்தம் போடக் கூடாது என்று தெரிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, "கன்னம் தாத்தா, கன்னம்!" என்றாள். வளைக்கு வெளியே தலையும் முன்னங்கால்களும் மட்டும் நீட்டி, வழியில் வரும் பூச்சிக்காக அது அசையாமல் இருந்தது. முன்னால் வேகமாகப் போனவர்கள் அன்று எதையும் பார்க்கவில்லை.

வயதானவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவதைப் பிள்ளைகள் சுமையாக நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நினைத்து வீட்டில் தங்கிவிடுகிறோம். இந்தத் தேடலுக்கு வேண்டியது வேகம் அல்ல. ஓரிடத்தில் உட்காரத் தெரிய வேண்டும். தரையோடு தரையாகப் பார்க்கச் சின்னப் பிள்ளையின் உயரம் வேண்டும். பாட்டி தாத்தாவும் பேரனும் பேத்தியும் சேர்ந்தால் இரண்டும் கிடைத்துவிடுகிறது. நடு வயதுக்காரர்களிடம்தான் இரண்டும் இருப்பதில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை, பாவம்.

இனி, கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாலமாண்டர் தேடுவது என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டுவதுதான். ஸ்மோக்கி பூங்காவுக்குள் அது குற்றம். ஓடையில் கல்லை நகர்த்தக் கூடாது, கல்லை அடுக்கி அணை கட்டக் கூடாது, கோபுரம் கட்டக் கூடாது என்று அங்கங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம், ஹெல்பெண்டர். வட அமெரிக்காவின் மிகப் பெரிய சாலமாண்டர்களில் ஒன்று அது, முக்கால் மீட்டர் நீளம் வரை வளரும். தட்டையான தலை, பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல். அந்த மடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிற தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது. பகல் முழுக்க ஒரு பெரிய தட்டைக் கல்லுக்கு அடியில் கிடக்கும், இரவில் நண்டு போன்ற கிரேஃபிஷ்களைத் தேடிப் போகும். இலையுதிர் காலம் தொடங்கும்போது ஆண், கல்லுக்கு அடியில் இடம் ஒதுக்கி வைக்கும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு முழுப் பொறுப்பும் தகப்பனுக்குத்தான். வாசலில் தலையை வைத்துப் படுத்து, முட்டை தின்ன வரும் மீனையும் மற்ற ஹெல்பெண்டர்களையும் விரட்டி, உடலை அசைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, மாதக்கணக்கில் காவல் இருக்கும். அந்தக் கல்லைத்தான் விடுமுறைக்கு வந்த ஒருவர் படம் எடுப்பதற்காக அடுக்கிவிட்டுப் போகிறார். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அங்கே ஒரு குடித்தனம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பார்த்துவிட்டால் விஷமுள்ளது என்று அடித்துக் கொன்ற காலமும் அங்கே இருந்திருக்கிறது. அதற்கு விஷமே கிடையாது.

இப்போது அது நெருக்கடியில் இருக்கிறது. ஓடைகளில் வண்டல் படிந்து கல் இடுக்குகள் அடைந்துபோயின. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினா மலையாறுகளைப் புரட்டிப் போட்டபோது, அசையாத கல் என்று தலைமுறைகளாக அவை நம்பியிருந்த பாறைகளே உருண்டு போயின. அந்த ஆண்டு டிசம்பரில் கிழக்கு ஹெல்பெண்டரை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்க அமெரிக்க அரசு முன்மொழிந்தது. புயலை நாம் தடுக்க முடியாது. கல்லை அடுக்காமல் இருக்க முடியும். பென்சில்வேனியாவில் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த முயற்சியால் 2019இல் ஹெல்பெண்டர் அந்த மாநிலத்தின் சின்னமான இருவாழ்வியாக அறிவிக்கப்பட்டது. அழகில்லாத ஒரு விலங்குக்காகப் பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஓடைக்கரையில் ஒரு நாள் நம்மூர்க் குடும்பம் ஒன்று. தகப்பனும் இரண்டு பையன்களும் வியர்க்க வியர்க்க அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதட்டினால் முகம் சுருங்கிவிடும், நாளும் கெட்டுவிடும். பையன்களிடம் போய் உட்கார்ந்து, "தம்பி, இந்தக் கல்லுக்கு அடியில யாரு இருக்கான்னு தெரியுமா?" என்று ஹெல்பெண்டர் தகப்பன் கதையைச் சொன்னேன். முக்கால் மீட்டர் என்று கையை விரித்துக் காட்டியதும் பெரியவன் தன் கையில் இருந்த கல்லைப் பார்த்தான். அவர்களே ஒவ்வொன்றாக எடுத்த இடத்தில் வைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். பிள்ளைகளுக்குத் தடையைச் சொல்வதைவிடத் தகவலைச் சொல்வது எளிது. அது நெடுநாள் நிற்கவும் செய்யும்.

பூங்காவுக்கு வெளியே, அனுமதி உள்ள இடங்களில், விழுந்த மரத்துண்டைப் புரட்டிப் பார்க்கலாம். அதற்கும் முறை இருக்கிறது. பழகியவர்கள் மிகக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். மரத்துண்டைத் தன் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். அடியில் காப்பர்ஹெட் என்ற விரியன் வகைப் பாம்பு இருந்தால் மரம் நடுவில் தடுப்பாக நிற்கும். பார்த்தபின், மரத்துண்டை இருந்த தடத்திலேயே, இருந்த வாக்கிலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போதே மேலே இறக்கினால் நசுங்கிவிடும். களிம்பு எதுவும் படாத ஈரக் கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு, மரத்தை வைத்த பிறகு, அதன் ஓரத்தில் விட வேண்டும். தன் வீட்டுக்குள் தானே நுழைந்துகொள்ளும். பல மாதங்கள் சேர்ந்த ஈரமும் பூஞ்சையும் புழுவும் அந்த அடித்தடத்தில் இருக்கின்றன. ஒரு சாண் தள்ளி வைத்தாலும் பழைய ஈரம் காய்ந்துபோகும், புதிய இடத்தில் அது உருவாக வெகுநாள் ஆகும்.

என் பேத்தி இன்னொரு முறையைக் கற்றுக்கொண்டது ட்ரெமாண்ட் என்ற இடத்தில். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் கல்வி நிலையம் அது. ஓடையில் சருகு நிரப்பிய வலைப்பைகளை வைத்துவிட்டு, சில நாள் கழித்து எடுத்து, தட்டில் கொட்டிச் சாலமாண்டர்களை எண்ணி, அளந்து, உடனே ஓடையில் விடுகிறார்கள். கல்லைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பொதுமக்களும் பிள்ளைகளும் எடுத்த கணக்கு ஆண்டுக்கணக்கில் அங்கே சேர்ந்திருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு வகுப்பு எடுத்திருக்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்!

நல்லெண்ணத்தோடு போகிறவன் காலில்கூட கேடு ஒட்டிக்கொண்டு போகலாம். சாலமாண்டரின் தோலை அரிக்கும் பூஞ்சை ஒன்று 2013இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. அங்கிருந்த ஃபயர் சாலமாண்டர் கூட்டத்தை அது ஏறக்குறையத் துடைத்துவிட்டது. தோலாலேயே மூச்சுவிடும் உயிர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அமெரிக்கா 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. தேடப் போகிறவர்கள் ஓர் ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, காய வைத்துக்கொள்கிறார்கள். காரின் பின்பக்கத்தில் ஒரு வாளியும் பிரஷ்ஷும் எப்போதும் இருக்கும். கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவி வளர்ந்த எனக்கு அதை யாரும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாசச்சூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முடிந்து முதல் இதமான மழை பெய்யும் இரவில், மஞ்சள் பொட்டுகளோடு கூடிய புள்ளிச் சாலமாண்டர்கள் காட்டிலிருந்து இறங்கி, தாங்கள் பிறந்த மழைக்குட்டைகளுக்கு முட்டையிடப் போகும். நடுவில் தார்ச்சாலை. 1987இல் அந்த ஊரில் சாலைக்கு அடியில் அவற்றுக்காகவே சிறிய சுரங்க வழிகள் அமைத்தார்கள். மற்ற பல ஊர்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் மழைக்கோட்டு அணிந்து, ராத்திரி நின்று, ஒவ்வொன்றாகச் சாலையைக் கடத்திவிடுகிறார்கள். ஒரு சாண் நீளமே உள்ள உயிருக்காக ஓர் ஊர் தூக்கத்தை விட்டு எழுந்து வருகிறது. பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டார்ச்சும் மழைக்கோட்டும் இரண்டு மணி நேரமும் தவிர அதற்கு எதுவும் செலவில்லை.

நம்மிடம் சாலமாண்டர் இல்லாமல் இருக்கலாம், மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. தவளை வகைகளில் உலகமே திரும்பிப் பார்க்கும் இடம் அது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்கு மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை 2003இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு வகை 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கத்திலிருந்து விவரிக்கப்பட்டது. அதன் தலைப்பிரட்டைகள் பாயும் ஓடையில் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். அதற்குப் பூபதி தவளை என்று பெயர் வைத்தார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்தில் பணியாற்றிய முனைவர் சுப்ரமணியம் பூபதியின் நினைவாக. 2014இல் அகத்தியமலையில் களப்பணிக்குப் போன இடத்தில் விழுந்து உயிர்விட்டவர் அவர். தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

காலே இல்லாத இருவாழ்விகளும் நம் மலையடிவாரத் தோட்டங்களில் உண்டு. வளையம் வளையமாக, பெரிய மண்புழு போல இருக்கும்; பாம்பு என்று நினைத்து மண்வெட்டியால் வெட்டிவிடுகிறோம். நமக்கு அதனால் ஆபத்து இல்லை. உங்கள் தோட்டத்தில் கண்டால் அதன் மேல் ஈரச் சருகைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப்போக அமெரிக்கா போக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க் குளத்துக்கும் வயல் வரப்புக்கும் வேண்டியதில்லை. நல்ல மழை பெய்து குட்டைகள் நிறைந்த இரவில் கிளம்புங்கள். காலை மூடும் காலணி, ஆளுக்கொரு டார்ச், ஒரு கம்பு. பாம்பு நடமாட்டம் இருக்கும், பார்த்து நடக்க வேண்டும். மழைக்கு மஞ்சளாக நிறம் மாறிய பெருந்தவளைகள் தாடைக்குக் கீழே நீலப் பைகளை ஊதிக்கொண்டு கூப்பிடுவதைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்கட்டும். பாடம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கூட்டம் சில இரவுகள்தான் இருக்கும். பிறகு அடுத்த ஆண்டு மழைக்குத்தான்.